வேலிக் கதவருகே என் பெயர்

என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து "இங்கன பாருங்க" என்பதுதான் என் பெயர். மகள் பிறந்த பிறகு "பாப்பா அப்பா" என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கூரியர்க்காரர் வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் உள்ளே ஓடிப்போய் என் ஆதார் அட்டையை எடுத்துவந்து நீட்டுவாள். இதில் பெரிய கூத்து என்னவென்றால், என்னுடையது எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் சாமிப் பெயர். ஜங்ஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான். கண்டக்டரிடம் அதைச் சொல்ல முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, அங்கே இறங்கி, காய்கறிப் பையோடு வெயிலில் திரும்பி நடந்து வருவாள்.

"பஸ்ஸு நிக்குத இடத்தத்தான சொல்லப்போற, என்னையவா சொல்லுத?" என்று கேலி செய்வேன்.

"நடக்குதது நாந்தான, உங்களுக்கு எங்க வலிக்கு?" என்று பையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இந்தக் கதையையும் யார் பெயரும் இல்லாமல்தான் எழுதப்போகிறேன். அவள் படிப்பாள்.

படிப்பறிவு இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாலிடெக்னிக்கில் படித்தவள். என்னைவிட நல்ல மார்க். கங்கைகொண்டான் பக்கம், பஸ் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு ஷெட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம். நான் பராமரிப்பில். ஸ்பேனரும் கிரீஸுமாக ஓடுகிறவன். அவள் வெல்டிங் ரோபோவுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். எந்த இடத்தில் தொட வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதற்குக் காட்டிக் கொடுப்பாள். ஒரு தடவை காட்டினால் போதும், அது மறக்காது. எனக்கு ஒரு லிட்டர் பால் வாங்கிவர மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு ஒரு குறை உண்டு.

ரோபோ என்றதும் கண்ணும் மூக்கும் வைத்த ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அது ஒரு கை மட்டும்தான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மஞ்சள் நிறக் கை. அதன் நுனியில் வெல்டிங் டார்ச். எதிரே, சட்டங்களைப் பூட்டிவைத்துத் திருப்புகிற பெரிய மேஜை. இரண்டையும் சுற்றிக் கம்பிவேலி, அதில் ஒரே ஒரு கதவு. ஆயுத பூஜைக்கு அந்தக் கைக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்ததிலிருந்து அதற்கு ஷெட்டில் 'மாப்பிள்ளை' என்று பெயராகிவிட்டது. காரணம் சொல்லாமல் நின்றுவிட்டால், "மாப்பிள்ளைக்குக் கோவம்" என்பார்கள். உடனே என்னைக் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையைச் சமாதானம் செய்வது என் வேலை.

அதைப் பார்க்க வருகிறவர்கள் நெருப்புப் பொறியைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அந்த வெளிச்சத்துக்குப் பயப்படத்தான் வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல இருக்கும். ஆனால் வெல்டிங் நடக்கும்போது யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். ரோபோ சும்மா நிற்கும்போதுதான் போவார்கள். சும்மா நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது எதற்காகவோ காத்து நிற்கிறது. மேஜையில் ஒரு பொருள் வந்து உட்கார வேண்டும், அல்லது எங்கிருந்தோ ஒரு சிக்னல் வர வேண்டும். வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து கிளம்பிவிடும். வழியில் இருப்பது இரும்பா, தலையா என்று அது பார்ப்பதில்லை.

அவள் அதற்குப் பாடம் சொல்லும்போது மட்டும் வேலிக்குள் அதோடு நிற்பாள். கையில் ஒரு பெட்டி இருக்கும். அதன் பின்பக்கம் ஒரு பொத்தான். அதைப் பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ மெல்ல நகரும். விட்டுவிட்டால் நிற்கும், இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயந்த கை ஒன்று பிடியை விடும், இல்லையென்றால் இறுக்கும். இரண்டையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். தேரோட்டக் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடிக்கிற பிடிதான் அது, நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாது. வேலைக்கு நடுவே அவளுடைய அந்தப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்று நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

வேலி என்றால் சும்மா வேலி இல்லை. கதவு திறந்திருக்கும்வரை ரோபோ ஓடாது. கதவைத் திறந்து உள்ளே போகிற ஒவ்வொருவரும் தாழ்ப்பாளில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் கதவை மூட முடியாது. என் பூட்டில் மகள் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து எல்லோரும் வெளியே வந்து பூட்டைக் கழற்றியதும், என் மனைவி சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள். ஆட்கள் நிற்கிறார்களா என்று முகம் முகமாகப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, ரோபோவைக் கிளப்பும் பொத்தானை அழுத்துவாள். என்னிடம் வரும்போது மட்டும் மோவாயைக் கொஞ்சம் தூக்குவாள், நான் புருவத்தைத் தூக்குவேன். இப்படியே வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பானவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். வாயைத் திறந்தால் கேலிதான். அவருக்குத் தெரிந்த ஒருவர் வெளியூரில் இதே போல ஒரு ஷெட்டில் வேலை பார்த்தவர். வேலிக்குள் இருக்கும்போதே ரோபோ கிளம்பி, அவருடைய தோள்பட்டையை நசுக்கிவிட்டது. அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த பிறகு சில நாள் அவர் வாயிலிருந்து ஒரு கேலி வரவில்லை. ஒரு காலையில் எங்கள் எல்லோரையும் வேலிக் கதவருகே நிறுத்தினார்.

"பூட்டக் கழட்டிட்டான்னா ஆளு வெளிய வந்துட்டான்னு அர்த்தம் இல்ல வே. அவரு கழட்டிட்டு, என்னமோ ஞாபகத்துல திரும்ப உள்ள போயிருக்காரு. வெளிய நின்னவன் பூட்டத்தான் பாத்திருக்கான், ஆளப் பாக்கல. மேஜைக்குப் பின்னால குனிஞ்சு இருந்தா இங்கன இருந்து ஒண்ணும் தெரியாது. இனிமே பொத்தான அழுத்துத ஆளு, உள்ள போனவுகள ஒவ்வொருத்தரா பேரு சொல்லிச் சத்தமாக் கூப்பிடணும். கூப்பிட்ட ஆளு முன்னால வந்து நின்னு 'வெளியே'ன்னு சொல்லணும். அதுக்கு முன்னால பொத்தான்ல கை போகப்பிடாது."

எல்லோரும் தலையை ஆட்டினோம். நல்ல யோசனைதான் என்று எனக்கும் பட்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி தலையை ஆட்டவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கே சோதனை வந்துவிட்டது. நானும், எங்களோடு வேலை பார்க்கிற பத்தமடைக்காரரும் உள்ளே போய் டார்ச் நுனியைச் சுத்தம் செய்துவிட்டு வந்தோம். அவள் பத்தமடைக்காரர் பெயரைக் கணீரென்று கூப்பிட்டாள். அவர் முன்னால் வந்து "வெளியே" என்றார். அடுத்தது நான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பாப்பா அப்பா வெளியே வந்தாச்சா?"

ஷெட்டே சிரித்தது. தூரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர், "நான் எப்பவோ வந்தாச்சே!" என்று குரல் கொடுத்தார். அவருக்கும் வீட்டில் ஒரு பாப்பா உண்டு. நானும் சிரித்தேன். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, இந்த ஷெட்டுல எத்தன பாப்பா, எத்தன அப்பா? பேரச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். அவளுடைய காதுமடல் சிவந்துபோனதைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"அண்ணாச்சி, எங்க வீட்டு வழக்கத்துலலாம் நீங்க தலையிடாதீய" என்றேன்.

"உம்ம வீட்டு வழக்கம் உம்ம வீட்டுல இருக்கட்டும் வே. இது இந்த வேலியோட வழக்கம். திங்கக்கிழமைக்குள்ள அவளுக்குப் பேரு சொல்ல வரணும். வரலைன்னா உம்மள ரெண்டாவது ஷிப்டுக்கு மாத்திருவேன். உம்ம உயிரோட நான் விளையாட முடியாது."

கடைசி வாக்கியத்தை அவர் பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் போவோம். வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தாழையூத்து தாண்டுவதற்குள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிடுவாள். அன்றைக்கு ஆற்றுப் பாலம் வரும்வரை காற்றுச் சத்தம்தான். பாலத்தில் ஏறியதும் கேட்டாள்.

"நான் சொல்லி உங்களுக்கு என்னமும் ஆயிட்டா?"

"ஏட்டி, பேரச் சொன்னா செத்தா போவேன்?" என்று கத்திவிட்டேன்.

அவள் பின்னாலிருந்து கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். வண்டி ஆடியது. பக்கத்தில் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு, என் பிறப்பு வளர்ப்பை எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கீழே தாமிரபரணியில் யாரோ வேட்டியை அலசிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் இறங்கிப்போய், என்ன செய்வதென்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அங்கே வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவளுடைய அப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். கூட யாரும் இல்லை, இவளும் அம்மாவும்தான். அம்மா அதுவரை ஒருநாளும் சொல்லாத பெயரை அன்றைக்குச் சொன்னாளாம். அந்த வாரம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

"அம்மா சொல்லிருக்கப்பிடாது" என்றாள் என் மனைவி. "சொன்னதாலதான்னு நான் சொல்லல. படிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். ஆனா வாயில வரமாட்டேங்கு. நெஞ்சு அடச்சிக்கிடுது."

பஸ் நிறுத்தத்தைச் சொல்லிச் சொல்லி இவளைக் கேலி செய்திருக்கிறேனே என்று எனக்கு அழுகை வந்தது. நடுப்பாலத்தில் நின்று ஆம்பளை அழுதால் நல்லாயிருக்காது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அவளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. சட்னிக்கு இவ்வளவு நேரமா என்று சமையலறைக்குப் போனேன். அவள் மிக்ஸியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய் அரைந்து வெண்ணெயாகி, ஜாரிலிருந்து சூடு வாசனை வந்துவிட்டது. நான் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன செய்யுத?"

"பழகுதேன்."

"அதுக்கு ஏன் மிக்ஸி?"

"எமனுக்குக் கேக்கப்பிடாதுல்லா" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து வந்துவிட்டாள். அவளும் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் எனக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு இட்லிக்குத் தொட்டுக்கொண்டது சட்னியில்லை, தேங்காய்ப் பசை. தட்டைக் கழுவுவது போல வழித்துச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வந்ததும் முருங்கைக் கீரையை உருவ உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. என் மனைவி நடந்ததைச் சொன்னாள். 'வேற வேல பாரு' என்று அத்தை ஒரே போடாகப் போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கீரையை உருவிக்கொண்டே, மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கி நீ அப்பா பேரச் சொன்னேல்லாம்மா, அதுலருந்து எனக்குப் பயம்" என்று முடித்தாள் என் மனைவி.

அத்தையின் கை நின்றது.

"நான் எங்கட்டி சொன்னேன்?"

"ஆஸ்பத்திரியில. சீட்டு எழுதுத இடத்துல."

"எனக்கு வாயே வரல. உன்னயத் தூக்கி அந்தச் சன்னலுக்கு நேரா நிப்பாட்டினேன். நீதான் சொன்ன. பள்ளிக்கூடத்துல கேட்டா சொல்லுவல்லா, அதே மாதிரி கைய கட்டிக்கிட்டு, இனிஷியலோட சொன்ன. சீட்டு எழுதுதவன்கூடச் சிரிச்சான். நான் இன்னைய தேதி வரைக்கும் சொன்னதில்ல. சொல்லாமதான் இருந்தேன். இருந்தும் போயிட்டாகளே."

என் மனைவி முகத்தில் என்னவெல்லாமோ வந்து போயின.  'அப்ப நான் சொன்னதாலதானா' என்று இவள் தொடங்கிவிடுவாளோ என்று முந்திக்கொண்டேன். "பிள்ளைக அப்பா பேரச் சொன்னா ஒண்ணும் இல்ல. நம்ம பாப்பா என் பேரச் சொல்லித்தான் மிட்டாயே கேக்குதா" என்றேன். அத்தை நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தள்ளுவண்டியில படுக்க வச்சு உள்ள கொண்டுபோனாக. நான் பின்னாலயே ஓடினேன். 'இங்கன பாருங்க, இங்கன பாருங்க'ன்னு கத்துதேன். அந்தக் கூட்டத்துல இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாக. அவுக பாக்கல. கண்ணு முழிச்சுத்தான் இருந்தாக. அவுகளத்தான் கூப்பிடுதேன்னு தெரியல. பேரச் சொல்லிருந்தா திரும்பிருப்பாக. ஒரு தடவ மொகத்தப் பாத்திருப்பேன்."

 அத்தை மிச்சக் கீரையை உருவி முடித்தாள். சொல் என்றோ சொல்லாதே என்றோ மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ராத்திரி என் மனைவி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தாள். நானும் தூங்குவது போலக் கிடந்தேன்.

திங்கட்கிழமை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டார். டார்ச்சுக்கு வெல்டிங் கம்பி வருகிற குழாய் அடைத்துவிட்டது. நானும் பத்தமடைக்காரரும் தாழ்ப்பாளில் அவரவர் பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனோம். பழைய குழாயை உருவி, புதிதை மாட்டினோம். வேலை முடிந்து வெளியே வந்து இரண்டு பேரும் பூட்டைக் கழற்றினோம். என் பூட்டைப் பேண்ட் பையில் போடும்போதுதான் கை எதையோ தேடியது. என் கட்டிங் பிளேயரைக் காணோம். திருப்புகிற மேஜையின் பின்பக்கம் வைத்த ஞாபகம். மேஜை சுழன்றால் எங்காவது மாட்டிக்கொள்ளும்.

பத்தமடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி வெல்டிங் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி ரோபோவின் கட்டுப்பாட்டுப் பேனலில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் உள்ளே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த அறைக்குப் போவது போலத்தான் போனேன். பிளேயர் மேஜையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து கிடந்தது. குனிந்து, பிறகு முட்டிபோட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினேன்.

கதவு மூடுகிற சத்தம் கேட்டது. 'டக்' என்று சின்னச் சத்தம். நான் உள்ளே இருப்பதைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு நினைப்பு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் தலைக்கு மேலே அந்த மஞ்சள் கை, டார்ச்சைக் கீழே நீட்டிக்கொண்டு, சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது.

வெளியே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். பத்தமடைக்காரரைக் கூப்பிட்டாள், அவர் முன்னால் வந்து "வெளியே" என்றார். என்னைக் காணவில்லை.

"அவுக எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கு முந்தியே வந்துட்டாரு தங்கச்சி. பூட்டக் கழட்டுனத நான் பாத்தேன். தண்ணி குடிக்கப் போயிருப்பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார். தாழ்ப்பாளில் என் பூட்டு இல்லை. மயில் ஸ்டிக்கரைக் காணோம். வேலிக்குள் பார்த்தால் மேஜையும் ரோபோவும்தான் தெரிந்தன. நான் வெளியே இருக்கிறேன் என்று எல்லாமே சொன்னது. பொத்தான் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அண்ணாச்சி கொஞ்சம் தள்ளி நின்று, இவள் சொல்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நான் உள்ளே இருப்பது தெரியாது.

பெயர் ஒன்று என் காதில் விழுந்தது.

முதலில் அது என்னுடையது என்று எனக்குப் படவில்லை. அந்தக் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. மெல்லிய குரல், கடைசி எழுத்து காற்றாகப் போய்விட்டது. இந்தப் பெயரில் இன்னொருவர் யார் வந்திருக்கிறார் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். திரும்பவும் கேட்டது. இந்த முறை உரக்க, நடுவில் உடைந்து. அப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த உடனே பதில் சொல்ல வேண்டாமா?  முட்டிபோட்டபடி, கையில் பிளேயரோடு, முட்டாளைப் போல இருந்தேன். இத்தனை வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து வந்துவிட்டதே என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

மூன்றாவது முறை அவள் கத்தினாள். என் முழுப்பெயரையும் சொல்லி, அதோடு, "எங்கன இருக்கிய? சொல்லுங்க, எங்கன இருக்கிய?" என்று ஷெட்டே அதிர.

"உள்ள! உள்ள இருக்கேன்!" என்றேன்.

அவசரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அவள் உள்ளங்கையால் அறைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கதவு திறந்தது. நான் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தபோது பத்தமடைக்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு டப்பாவில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவி அழவில்லை. நேராக வந்து என் பேண்ட் பைக்குள் கையை விட்டுப் பூட்டை எடுத்தாள். அதைத் தாழ்ப்பாளில் மாட்டினாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து நிறுத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"இப்பக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றினேன். கதவைச் சாத்தினாள். நான் அவளுக்கு எதிரே ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சத்தமாக, என் பெயரைச் சொன்னாள்.

"வெளியே வந்தாச்சா?"

"வெளியே" என்றேன்.

அப்புறம்தான் பொத்தானை அழுத்தினாள். ரோபோ கிளம்பியது. விட்ட இடத்திலிருந்து அதன் அடுத்த அசைவு, மேஜையின் பின்பக்கமாக ஒரு வீச்சு. நான் முட்டிபோட்டிருந்த இடத்தில், நான் முட்டிபோட்டிருந்த உயரத்தில், டார்ச் விர்ரென்று வந்து நின்று, பொறி பறக்க வெல்டிங்கைத் தொடங்கியது. இரண்டு பேரும் பார்த்தோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷெட்டில் அத்தனை பேர் இருக்கும்போது அப்படிப் பிடிக்கிறவள் இல்லை அவள். டீ வருகிறவரை விடவில்லை.

அண்ணாச்சி டீ கிளாஸோடு வந்தார். "அந்தப் பேரு நல்ல பேருதான் வே" என்றார். போய்விட்டார்.

என்னை ஷிப்டு மாற்றவில்லை. வேலிக்கு மேலே, மேஜையின் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். நான் கருவிகளை எல்லாம் கயிறு கட்டிய ஒரு தட்டில் வைத்து, உள்ளே போகும்போதும் வரும்போதும் எண்ணிப் பார்க்கிறேன். பூட்டைக் கழற்றிய பிறகு என்ன மறந்தாலும் மறந்ததுதான். திரும்பப் போக வேண்டுமென்றால் மறுபடி பூட்டு, மறுபடி பெயர்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. "இங்கன பாருங்க"தான். பஸ்ஸில் வந்தால் இன்றும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித்தான் நடந்து வருகிறாள், நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும், என் பெயர் கொண்ட சாமியின் சந்நிதியில் விளக்குப் போடுகிறாள். என்ன வேண்டிக்கிட்ட என்று கேட்டேன். "வேலிக்கிட்ட சொல்லுதத கணக்குல எடுத்துக்கிடாதீயன்னு சொல்லிட்டு வாரேன்" என்றாள். நான் கேலி செய்யவில்லை. அவள் பயம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் ஒவ்வொரு நாளும் சொல்கிறாள்.

அந்த வேலிக் கதவருகே என் பெயரைக் கேட்பதற்காகவே நான் காலையில் சீக்கிரம் கிளம்புகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள், எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கிறது. ஒருநாள் ஆசை முற்றிப்போய், இன்னொரு தடவை கூப்பிடட்டுமே என்று தூணுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லாமல் இருந்தேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

அன்றோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அவள் வாயில் என் பெயர் முடிவதற்குள் ஓடிப்போய் முன்னால் நின்று, "வெளியே" என்று சொல்லிவிடுகிறேன்.